உதட்டில் எறும்பு ஊர்ந்தால்

எனக்குப் பேச்சு வராது. லிப்ட் மெக்கானிக்குக்குப் பேச்சு எதற்கு? எதைக் கேட்டாலும் "உம்" என்கிறேனாம். அதனால் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, எனக்கு "உம் மாமா" என்றே பெயர் வைத்துவிட்டான். அந்த வாயாடி இப்போது ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் ரத்தப் புற்றுநோயோடு படுத்துக் கிடந்தான். ஈறில் கசிகிற ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களை அன்றைக்குள் ஏற்றியாக வேண்டும். தேடியலைந்ததில் பொருந்தி வந்தவன் நான் ஒருவன்தான்.

கீழ்த்தளத்து ரத்த வங்கியில் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, கையில் ஊசியைக் குத்தினார்கள். மிஷின் ரத்தத்தை இழுத்து, பிளேட்லெட்டை மட்டும் பையில் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை எனக்கே திருப்பி அனுப்பும். ஒன்றரை மணி நேர வேலை.

"உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா உடனே சொல்லணும்" என்றார் நர்ஸம்மா. தலையாட்டினேன். அப்புறம் ஆரம்பித்தது தொணதொணப்பு.

"காலையில சாப்பிட்டீங்களா? வீடு கிட்டவா? எத்தனை பசங்க?"

"உம். உம். ரெண்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையைப் பார்க்காமல் என்ன ஊர்க்கதை?

"என்ன வேலை பாக்குறீங்க?"

"லிப்ட்."

"அப்படியா! எங்க லிப்ட் மூடுறப்போ நான் சட்டுனு கையக் குடுத்து நிறுத்திடுவேன். தப்பில்லையே?"

போதாதா! "தப்பில்லையாவா? சென்சார் கெட்டிருந்தா கை என்னாகும்னு யோசிச்சீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன். கதவை உதைக்கிறவர்கள், உள்ளே குதிக்கிறவர்கள், மதியம் லிப்ட் வேலைக்கு நான் ஏறப்போகிற பத்து மாடிக் கட்டடம் என்று இருபது நிமிடம் பொரிந்து தள்ளினேன். அவர் அசரவில்லை. "கம்பிக் கயிறு தேய்ஞ்சா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

கயிற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உதட்டில் எறும்பு ஊர்ந்தது. மோவாய்க்கும் இறங்கியது. சொன்னால் மிஷினை நிறுத்திவிடுவார்கள், பை பாதிதான் நிறைந்திருக்கிறது, மேலே அவன் காத்திருக்கிறான். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

நர்ஸம்மா எனக்கு முதுகு காட்டி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கயிறு கதைய பாதியில விட்டுட்டீங்க. உதடா?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணா. உதடு மட்டுமா, விரலுமா?"

"உதடு மட்டும்தான். நிறுத்திடாதீங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"யார் நிறுத்தப் போறா?" அதற்குள் ஒரு பட்டனைத் தட்டியிருந்தார். மிஷினின் வேகம் குறைந்தது. இரண்டு கால்சியம் மாத்திரையைச் சப்பச் சொன்னார். "ரத்தம் உறையாம இருக்க மருந்து கலக்குறோம். அது உங்க உடம்புக்குள்ள போறப்போ கால்சியம் கொஞ்சம் குறையும். மெதுவா விட்டா சரியாயிடும். நீங்க மறைச்சு, கை இழுத்துக்கிச்சுன்னாதான் நான் நிறுத்தணும். அப்போ யாருக்கு நஷ்டம்?"

"அதுக்குத்தான் பேச்சு குடுத்துட்டே இருந்தீங்களா?"

"பின்ன? உங்க பசங்க கணக்கு எனக்கெதுக்கு?"

வெட்கமாகப் போய்விட்டது. மோட்டார் சத்தம் மாறினாலே திரும்பிப் பார்க்கிறவன் நான். இத்தனை நேரம் அந்த அம்மா என் பேச்சை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து ஒரு கும்பிடு போடலாமென்றால் கையில் ஊசி.

எறும்பு போயிற்று. பை நிறைந்தது. கட்டுப் போட்டு, ஜூஸ் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்தார். "மதியம் அந்தப் பத்து மாடி வேணாம். தலை சுத்துனா பிடிக்க ஆளில்ல. நாளைக்கு ஏறுங்க." கோபத்தில் நான் உளறியதைக்கூட விடவில்லை மனுஷி.

சாயங்காலம், பரிசோதனை எல்லாம் முடிந்து, வெளிர் மஞ்சள் பை அவன் தலைமாட்டில் தொங்கியது. குளிர், அரிப்பு, மூச்சிரைப்பு, எது வந்தாலும் கூப்பிடச் சொல்லிவிட்டு வார்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் ஸ்டூலை இழுத்து நெருக்கிப் போட்டேன்.

"மாப்ள, மதியம் என்ன சாப்பிட்ட?"

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். "மாமாவா பேசுறது?"

"சொல்லுடா. எந்த ஸ்கூல்ல ஜன்னல உடைச்ச? என்னைக்கோ சொன்னியே."

"என்ன மாமா ஆச்சு உங்களுக்கு?" என்று சிரித்தான். பிறகு ஜன்னல் கதையை மெல்லச் சொன்னான். பாதியில் குரல் தேய்ந்தது.

"குளிருதா?" என்றேன், குழாயில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே.

"உம்ஹூம்."

"தூக்கமா?"

"உம்."

"உம்னா பத்தாதுடா. முழுசா சொல்லு."