போணியாகாத கடை

தொண்ணூற்றேழாம் வருடம் முடிவதற்குள் மன்னார்குடி கீழராஜவீதியில் பதினாறு கடைகளுக்கு நான் போணி செய்திருந்தேன். கடை திறக்கும் அன்று முதல் ஆளாகப் படியேறி ஒரு பொருள் வாங்க வேண்டும், அவ்வளவுதான் போணி. முதலில் காசு கொடுத்த கை எப்படியோ வியாபாரமும் அப்படி என்பது எங்கள் வீதியின் நம்பிக்கை. என்னுடையது ராசியான கை. இதை நானாகச் சொல்லவில்லை. நான் எதையுமே அதிகம் சொல்வதில்லை.

ஆரம்பித்தது ஒரு மழைநாளில். மீரா உசேன் பாய் பாத்திரக்கடை திறந்த அன்று மழைக்கு ஒதுங்க அவர் கடைப் படியில் ஏறினேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு டீ வடிகட்டி வாங்கினேன். பேரம் பேசவில்லை. வாயே திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் கோட்டூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து சீர்ப் பாத்திரம் முழுவதையும் அங்கேயே எடுத்தார்கள். பாய் எங்கள் வியாபாரிகள் சங்கத்துத் தலைவர். அவர் ஒன்றை நம்பினால் மறுநாள் வீதி முழுவதும் நம்பும்.

எனக்கு இதில் ஒரு விளக்கம் இருந்தது. கடைதிறப்புக்கு வருகிற மற்றவர்கள் பேசுவார்கள். "முன்னாடி இங்க இருந்தவன் ஆறு மாசத்துல ஓடிட்டான்" என்பார் ஒருவர். "வாசப்படிய வடக்கப் பார்த்து வச்சிருக்கலாம்" என்பார் அடுத்தவர். நான் பேசாமல் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவேன். முதல் போட்டுவிட்டுப் பயந்து நிற்கிற முதலாளிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ராசி என்று அவர்கள் எண்ணியது அதைத்தான்.

ஆனால் வாங்கிய பொருள்கள் எல்லாம் என் வீட்டில் இருந்தன. டிராக்டருக்கான ஃபேன் பெல்ட் ஒன்று. கோழிக்குஞ்சு அடைக்கும் கம்பிவலை மூன்று கஜம். மெஹராஜ் பேகத்தின் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய சவுரிமுடி. என் மனைவி கமலவல்லி அதைப் பிரிக்காமலே பரணில் போட்டாள். "எனக்கு முடி கொட்டுதுன்னு ஊருக்கே சொல்லிட்டு வந்துட்டீங்க" என்றாள்.

என் கடை ஜெராக்ஸ் கடை. எட்டடி அகலம், பழைய மெஷின் ஒன்று, பின்னால் ஒரு நாற்காலி, நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம். பட்டா, சிட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், வெளிநாடு போகிறவர்களின் பாஸ்போர்ட் எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. எந்த அண்ணன் எந்தத் தம்பியை ஏமாற்றுகிறான் என்று பத்திரம் எழுதியவருக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன் என்பதால் கொடுத்தார்கள். மெஷினில் ஒரு கோளாறு உண்டு. எந்தத் தாளை எடுத்தாலும் வலதுபக்கம் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழும். நகல் என் கடையில்தான் எடுத்தது என்பதற்கு வக்கீல் குமாஸ்தாக்கள் அதையே அடையாளமாக வைத்திருந்தார்கள்.

தை மாதம் பிறந்த வாரத்தில் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அத்தர் வாசனை.

"அண்ணே, ஜாஃபர் சாதிக். கூத்தாநல்லூர். ஷார்ஜாவுல ஒம்பது வருஷம் இருந்துட்டு மொத்தமா வந்துட்டேன்."

தலையசைத்தேன்.

"எதிர்ல கடை போடறேன். வெள்ளிக்கிழமை திறப்பு. நீங்கதான் போணி பண்ணணும்னு பாய் சொன்னாங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லண்ணே. எங்க உம்மாவுக்கு இருக்கு."

"என்ன கடை?"

அவர் என் மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜெராக்ஸ்தாண்ணே."

நான் பேசாமல் இருந்தேன். வழக்கமாக நான் பேசாமல் இருப்பதற்கும் அப்போது பேசாமல் இருந்ததற்கும் வித்தியாசம் உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்ணே" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டின்போது கமலவல்லியிடம் சொன்னேன்.

"போகலைன்னா வயித்தெரிச்சல்னு பேசுவாங்க" என்றாள். "போனா நம்ம கடைக்கு நீங்களே பூட்டுப் போட்ட மாதிரி."

"அதெல்லாம் வெறும் நம்பிக்கை."

"அப்ப போங்க. வெறும் நம்பிக்கைதானே. ஆனா காசை இடது கையால குடுங்க."

புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அன்று ஒரு பக்கம் கூடத் திருப்பவில்லை. பதினாறு கடைகளில் நம்பாத ராசியை, அது எனக்கு எதிராகத் திரும்பியதும் முழுமையாக நம்பிவிட்டேன் என்று புரிந்தது. மனிதன் எதை நம்புகிறான் என்பது அவனுக்கு நஷ்டம் வரும்போதுதான் தெரிகிறது போலும். வருத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவு படித்தும் இப்படி.

வெள்ளிக்கிழமை போனேன். பாத்திஹா ஓதி முடித்திருந்தார்கள். ஏசி ஓடியது. இரண்டு மெஷின்கள். ஒன்று நகலைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். கரண்ட் போனால் பின்பக்கம் ஜெனரேட்டர். என் ரேஷன் கார்டை நீட்டினேன். நகல் வந்தது. கோடு இல்லை. என் குடும்பத்தின் பெயர்கள் அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை. காசை இடது கையில்தான் வைத்திருந்தேன். ஜாஃபரின் உம்மா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தானாக மாறிவிட்டது.

மூன்றே வாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்றார்கள். என்னிடம் வந்தவர்கள் ஏசி ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் மட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைவரை ஒருவர்கூட வரவில்லை. கடையைக் காலி செய்தால் அட்வான்சில் எவ்வளவு திரும்ப வரும் என்று கட்டடக்காரரைக் கேட்டுவிட்டு வரும்படி கமலவல்லியிடம் சொன்னேன். அவள் போனது மீரா உசேன் பாயிடம்.

பாய் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒன்றுதான் நாற்காலி என்பதால் நான் நின்றேன்.

"கடையை விட்டுடப் போறீங்களாமே. வீதிக்கே கஷ்டமா இருக்கு. உங்க கைய வச்சு நாங்க எல்லாம் தலையெடுத்தோம். ஆமா, உங்க கடைக்கு யாரு போணி பண்ணினது?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா?"

"யாரையும் கூப்பிடல. ஷட்டரைத் தூக்கினேன். உக்காந்தேன்."

பாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "பதினோரு வருஷம்" என்றார். "பதினோரு வருஷமா போணி இல்லாமலே நடத்தியிருக்கீங்க. அப்ப கடை இன்னும் திறக்கவே இல்லையே."

"திறந்துதான் பாய் இருக்கு."

"இது திறந்ததுல சேராது. ஒரு நல்ல நாள் பாருங்க. எல்லாரையும் கூப்பிடுங்க. ஜாஃபரே வந்து போணி பண்ணட்டும். நீங்க அவனுக்குப் பண்ணினீங்க, அவன் உங்களுக்குப் பண்றான். நேராயிடும்."

எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. முப்பது கடை. முப்பது பேரிடம் போய், "நாளன்னைக்கு என் கடைக்கு வாங்க" என்று சொல்ல வேண்டும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளைத்தாளில் அழகாக எழுதி முப்பது நகல் எடுத்தேன். ஒவ்வொரு கடையாகப் போய் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அந்தத் தாள்கள் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தன. மெஹராஜ் பேகம் அதில் வளையல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வச்சதா? நான் எதோ மூலவியாதி நோட்டீஸ்னு நினைச்சேன்" என்றாள். "வீடு வீடா வர்றவன் கூட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வைக்கிறான். வாயத் திறந்து கூப்பிட்டா வரமாட்டோமா?"

திரும்பவும் போனேன். முதல் கடையில் சொல்வதற்கு நான்கு நிமிடம் ஆனது. பத்தாவது கடையில் ஒரு நிமிடம். நடுவே இரண்டு கடையில், நான் வாசலில் பேசாமல் நின்றதைப் பார்த்து ஏதோ வாங்க வந்திருக்கிறேன் என்று எண்ணி எடுத்துக்காட்டத் தொடங்கிவிட்டார்கள். மறுக்கத் தெரியாமல் ஒரு எலிப்பொறியும் அரை டஜன் கீலும் வாங்கினேன். கடைசியாக ஜாஃபர்.

"தம்பி, வெள்ளிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு என் கடையைத் திறக்கறேன். நீதான் வந்து போணி பண்ணணும்."

ஜாஃபர் பேசவில்லை. வெகுநேரம் பேசவில்லை. எதிரே நின்று அதைத் தாங்குவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எதிர்க்கடைக்காரன் கை ராசியா இருக்கும்னு நம்பறீங்களாண்ணே?"

"பாய் சொல்றாரு."

"சரி, வர்றேன். பாஸ்போர்ட்டக் கொண்டுட்டு வர்றேன். முப்பத்தாறு பக்கமும் எடுங்க."

வெள்ளிக்கிழமை முப்பது பேரும் வந்துவிட்டார்கள். எட்டடிக் கடையில் அத்தனை பேரும் நுழைந்ததால் எனக்கு இடமில்லை. வாசலில் நின்றேன். உள்ளே எல்லாரும் பேசினார்கள். மெஷினைத் திருப்பிப் போட்டிருக்கலாம் என்றது ஒரு குரல். பதினோரு வருஷம் எப்படித்தான் இந்தப் பொந்தில் இருந்தாரோ என்றது இன்னொன்று. கமலவல்லி கற்கண்டுத் தட்டை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பதில் சொன்னாள். எட்டு ஐம்பதுக்குக் கரண்ட் போனது.

யாரும் கலையவில்லை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் போணி ஆகிவிட வேண்டுமாம். ஜாஃபர் எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்துடலாம்."

எலக்ட்ரிகல் கடைக்காரர் ஒயர் கொண்டுவந்தார். பெயின்ட் கடை ஏணி வந்தது. ஒயரின் ஒரு முனையை ஜாஃபர் கடைப் பலகையிலும் மறுமுனையை என் கடைப் பலகையிலும் கட்டினார்கள். நடுவீதியில் அது நன்றாகவே தொய்ந்தது. ஜெனரேட்டர் உறுமியது. என் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே எல்லாரும் அதை நோக்கிக் குனிந்தார்கள். வீதியைப் பார்த்து நின்றது நான் ஒருவன்தான்.

தெற்கேயிருந்து வைக்கோல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அறுவடை முடிந்த மாசி மாதம். மாடி உயரத்துக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் பிதுங்கி, நேராக அந்த ஒயரை நோக்கி வந்தது. ஒயர் போனால் பலகை போகும். கரண்ட் ஓடுகிற ஒயர் வைக்கோலில் அறுந்து விழுந்தால் என்னென்ன போகும் என்று சொல்ல முடியாது.

"நிறுத்து" என்று கத்தினேன். "நிறுத்துடா டேய்."

அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. லாரி ஒயருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு கத்தினது?" என்று மீரா உசேன் பாய் கேட்டார்.

"அவருதான்" என்றாள் கமலவல்லி. அவள் குரலில் இருந்தது பெருமையா அதிர்ச்சியா என்று இன்றுவரை கேட்கவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். தலைமுடியெல்லாம் வைக்கோல் தூசி. "நம்ம பேரு காத்தான். டேய்னு கூப்பிட வேணாம்" என்றார் என்னிடம். நான் மேலே ஒயரைக் காட்டினேன். அவர் ஒயரைப் பார்த்தார், அதன் வழியே பலகையைப் பார்த்தார்.

"ஜெராக்ஸ் கடையா? நல்லதாப் போச்சு. பாலக்காடு போறேன், செக்போஸ்டுல ஆர்சி புக் நகல் கேப்பாங்க." சட்டைப்பையிலிருந்து மடித்த புத்தகத்தை எடுத்தபடி உள்ளே நுழைந்தார்.

"இருப்பா, இருப்பா" என்று பாய் தடுத்தார். "இன்னிக்குக் கடைதிறப்பு. முதல்ல இவருதான் போணி."

"எடுக்கட்டும் பாய். எத்தனை பக்கம்?" என்றார் காத்தான்.

"முப்பத்தாறு" என்றார் ஜாஃபர்.

"நான் லாரிய நடுரோட்டுல நிறுத்தியிருக்கேன். பின்னால பஸ் வந்து நிக்குது. நீங்க சாவகாசமா எடுங்க, நான் ஊருக்குச் சொல்லி அனுப்பிடறேன்."

சிலர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல் நான் பேசாமல் இருப்பேன், அதற்குள் யாராவது ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று காத்திருந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை கத்திவிட்டதால் எனக்குத் தொண்டை திறந்திருந்தது.

"இவருக்குத்தான் நெசமாவே நகல் வேணும்" என்றேன். "இவரு மொதல்ல. தம்பி, நீ அடுத்தது."

ஜாஃபர் பாஸ்போர்ட்டை மடியில் செருகிக்கொண்டு ஒதுங்கினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெஷினிடம் போனேன். நகல் வந்தது. காத்தான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கோடு விழுதே."

மெஹராஜ் பேகம் கற்கண்டை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"பரவால்ல. நம்பர் மேல விழல" என்று காசை வைத்தார் காத்தான். "இன்னும் நாலு லாரி வருது. அவனுங்களுக்கும் வேணும். சொல்லிட்டுப் போறேன்."

பெயின்ட் கடைக்காரரும் பாயும் ஆளுக்கொரு மூங்கிலால் ஒயரைத் தூக்கிப் பிடிக்க, லாரி அடியில் ஊர்ந்து போனது. பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் சண்டைக்கு இறங்கி வந்தார். அவர் பின்னாலேயே சான்றிதழ் கட்டோடு ஒரு பெண்ணும் இறங்கினாள். தாலுகா ஆபீசுக்குப் போகிறவள் போலிருந்தது.

எதிர்க்கடை வாசலில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு ஜாஃபர் கேட்டார்: "அண்ணே, நிறுத்திடவா? டீசல் குடிக்குது."

நான் வாசலைப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

"ஆள் இருக்கு தம்பி" என்று வீதிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னேன். "ஓடட்டும்."