வேகமான குழல்

"அந்த ரைஃபிளச் சுவத்துலேந்து இறக்குங்க, வெர்லின். குழலுக்குள்ள ஈயம் விட்டு அளக்கணும்."

எங்கள் ஊரில் ஒருவர் மாட்டிய குழலை அவர் கடையிலேயே அளக்கச் சொல்வது, அவரைத் திருடன் என்று கூப்பிடுவதற்குச் சமம். அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன். காப்பிக் குவளைகளோடு நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

வெர்லின் டட்டிலின் துப்பாக்கிக் கடைப் பின்சுவரில் வெடித்துச் சிதைந்த துப்பாக்கிகள் தொங்கும். மொன்டானாவில் பாதிப் பேர் வேட்டைக்கு முன் தோட்டாவைத் தாங்களே வீட்டில் நிரப்பிக்கொள்வார்கள். தப்பாக நிரப்பியவனுக்கு அந்தச் சுவர். கடைசியாக அதில் ஏறியது என் அப்பா டெல்மர் ஹாகனின் ரைஃபிள். கீழே வெர்லின் கையெழுத்தில் ஓர் அட்டை: 'அளக்கத் தெரியாதவர்.'

தோட்டாவின் பின்புறம் கிழிந்து, சுடுவாயு முகத்தில் அடித்து, அப்பாவின் வலது கண் போனது. அதைவிட அந்த அட்டைதான் அவரைத் தின்றது. வெடிமருந்தை இரண்டு முறை நிறுத்துப் போடுகிற மனிதர், எங்கேயோ கை தவறிவிட்டது என்று தானே சொல்லத் தொடங்கிவிட்டார். சுடுகளத்துக்குப் போவதில்லை. பழைய நண்பர்களைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார். அட்டை இறங்க வேண்டும். இறங்கினால் மட்டும் எனக்குப் போதாது.

"ஹாகன் பொண்ணு காலேஜ் முடிச்சிட்டு வந்திருக்கு. பாடம் எடுக்கப் போகுது, உக்காருங்கப்பா" என்றார் வெர்லின். சிரித்தார்கள்.

ஆமாம், எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான். இயந்திரப் பொறியியல். போன வருடம் அப்பாவின் ரைஃபிளுக்கு அவர் புதுக் குழல் மாட்டித் தந்ததை நினைவுபடுத்தினேன். அதே மருந்து, அதே குண்டு. ஆனால் வேகம் காட்டும் கருவியில் பழைய குழலை மிஞ்சியது. வேகமான குழல் அமைவது அதிர்ஷ்டம் என்று வெர்லினே அப்பாவின் தோளைத் தட்டினார். கோடை முழுக்க அப்பா அதையே பீற்றிக்கொண்டு திரிந்தார். எங்கள் ஆட்கள் வேகத்தைக் கண்டால் பல்லிளிப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார்கள்.

"துளை கொஞ்சம் இறுக்கமா இருந்தா வேகம் வரத்தான் செய்யும். ஹோஸ் வாயக் கட்டைவிரலால அழுத்திப் பாரு, தண்ணி எப்படிப் பீச்சுதுன்னு" என்றார் வெர்லின்.

"இறுக்கம்னு நீங்களே சொல்லிட்டீங்க."

இது தண்ணீர்க் குழாய் அல்ல என்றேன். ஒரே தோட்டா ஓடு, ஒரே எடைக் குண்டு, ஒரே அழுத்தம் என்றால், துளை அகன்ற குழலில்தான் குண்டு வேகமாகப் போகும். வாயு தள்ளுவதற்கு அங்கே குண்டின் முதுகு அகலம். துளை குறுகியும் வேகம் கூடியது என்றால், உள்ளே அழுத்தம் எகிறியிருக்கிறது. அப்பா கொண்டாடிய வேகம் அவர் கண்ணைப் பிடுங்க வந்த அழுத்தம்.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்த ஆர்வல் ஸ்லெட்டன் குவளையைக் கீழே வைத்தார்.

"வெர்லின், என் பையனோடதுக்கும் அப்பதான குழல் மாத்துன? அதுவும் வேகமான குழல்னுதான சொன்ன?"

ஆர்வலே ரைஃபிளை இறக்கினார். ஈய உருண்டையைக் குழலுக்குள் கம்பியால் தட்டி, மறுமுனை வழியாக வெளியே எடுத்தேன். துளையின் அகலம் ஈயத்தில் அப்படியே பதிந்திருந்தது. மைக்ரோமீட்டரை வெர்லின் கையில் கொடுத்தேன். எண் அவர் வாயிலிருந்து வரவேண்டும். பார்த்தார், உருண்டையைத் திருப்பிப் பார்த்தார், முணுமுணுத்தார்.

"எல்லாருக்கும் கேக்கணும்."

மறுபடி சொன்னார். துளை இருக்கவேண்டியதைவிட மயிரிழைதான் குறைவு. குண்டு இறுகி அழுத்தம் எகிற அது போதும்.

பிறகு என்னைக் கடைசல் இயந்திரத்துப் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோனார். ஆலையிலிருந்து வந்த குழல்களை அளக்காமலே மாட்டிவிட்டாராம். அப்பாவுக்குப் புது ரைஃபிள் செய்து தருவாராம். மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல் குழலை மாற்றிவிடுவாராம்.

"வெளிய தெரிஞ்சா கடைய மூடணும், ப்ரீட்டா. டெல்மரும் நானும் வேட்டைக்குப் போனா ஒரே கூடாரத்துல படுத்தவங்கம்மா."

"அவர் பேர ரகசியமாவா மாட்டினீங்க?"

சனிக்கிழமை ஊரே குறி சரிபார்க்கச் சுடுகளத்துக்கு வரும். அதன் வாசலில் ஒரு மேஜைக்குக் காலையிலேயே பெயர் கொடுத்துவிட்டுத்தான் இங்கு வந்திருந்தேன். வெர்லின் மாட்டிய குழல் யாரிடம் இருந்தாலும் அங்கே அளந்து பார்க்கலாம். அளக்கப்போவது அப்பா. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கண் மிச்சமிருக்கிறது, எண்ணைப் படிக்க அது போதும்.

"அதுவரைக்கும் யாரும் சுடக்கூடாதுன்னு இப்பவே போன் பண்ணுங்க. ஏன்னும் சொல்லுங்க" என்றேன். ஆர்வல் ஏற்கெனவே மகனை அழைத்துக்கொண்டிருந்தார்.

சுவரிலிருந்து அட்டையைக் கிழியாமல் உரித்தேன். சனிக்கிழமை அதை மேஜைக்கு முன்னால், அப்பாவின் பெயர்ப்பலகையாக ஒட்ட வேண்டும். ஈயத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.