காதுவில்லை

அப்பாவின் நகங்களுக்குள் மண்ணும் சுண்ணாம்பும் இறுகியிருந்தன. மகள் ஈரத்துணியை மடித்து மறுபடியும் தேய்த்தாள். போகவில்லை. வாசலில் பைக் வந்து நின்றது.

"கால்நடை ஆபீஸ்ல இருந்து வந்திருக்காரு," சித்தப்பா அவள் காதருகே குனிந்தார். "பாத்துப் பேசும்மா. நிவாரணம் அவர் கையெழுத்துலதான் இருக்கு."

அந்த ஆய்வாளரை அவளுக்குத் தெரியும். மூன்றே நாளில் ஏழு மாடுகளும் நோயில் சாய்ந்தபோது, ஆறு மணி நேரத்துக்குள் புதைத்தாக வேண்டும் என்று கூடவே நின்று சுண்ணாம்பு கொட்டிக் குழியை மூட வைத்தவர். பிறகு அரசாங்கம் அவசர நிவாரணம் அறிவித்தது. அப்பா போட்டோ, டாக்டர் சீட்டு, பால் சொசைட்டி புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். செத்த மாட்டின் காதில் மாட்டியிருந்த நம்பர் வில்லை வேண்டும் என்று அதே ஆய்வாளர் திருப்பி அனுப்பினார். வில்லைகள் காதோடு குழிக்குள் இருந்தன.

நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்க நேற்றுதான் கடைசி நாள். அப்பா விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மண்வெட்டியோடு போயிருக்கிறார். வெயில் ஏறிய பிறகு அவள் தேடிப் போனபோது, பாதி தோண்டிய குழிக்குள் குப்புறக் கிடந்தார். சட்டைப் பையில் நான்கு மஞ்சள் வில்லைகள்.

அவள் வாசலுக்கு வந்தாள். ஆய்வாளர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"கேள்விப்பட்டேம்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. இனிமே வாரிசு பேர்லதான் எழுதிக் குடுக்கணும். அவசரமில்ல. தேதிய பதினஞ்சு நாள் தள்ளி வெச்சிருக்காங்க. வில்லையும் வேண்டாம், போட்டோ போதும்னுட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"சர்க்குலர் முந்தாநாள் சாயங்காலமே வந்துடுச்சு."

அவள் காகிதத்தை வாங்கவில்லை.

"அப்பா நம்பர் உங்ககிட்ட இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. எண்ணூறு பேரும்மா. ஒவ்வொருத்தரையா கூப்பிட முடியுமா? ஆபீஸ் போர்டுல ஒட்டிட்டோம்."

"புதைக்கச் சொன்னதும் நீங்கதான். எடுத்துட்டு வான்னு சொன்னதும் நீங்கதான். வேண்டாங்கிறத மட்டும் போர்டு சொல்லணுமா?"

"விடும்மா," என்றார் சித்தப்பா.

"நீங்க சும்மா இருங்க சித்தப்பா." அவள் குரல் உயரவில்லை. ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "உள்ள வாங்க சார். எங்கிட்ட சொன்னத அப்பாகிட்ட சொல்லிட்டுப் போங்க."

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். கூடியிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், உடலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உதடு அசைந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றாள். "கிட்ட வந்து சொல்லுங்க."

பிறகு புடவையை இழுத்துக்கொண்டு சற்று நகர்ந்து, தலைமாட்டில் அவருக்கு இடம் விட்டாள்.