ரோஸ் மாத்திரை போட்ட செட்டு

"டாக்டர் சீட்டு எங்கண்ணே?"

இந்த மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி உக்கிரபாண்டி தடை செய்த கேள்வி இது. சீட்டு கேட்டால் ஆரப்பாளையத்து ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களாம். ஆனால் சுவரில் மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது என் பார்மசிஸ்ட் சான்றிதழ். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பிரேம் போட்டுக் கொடுத்தார். முதலாளி சாமிக்குப் போடும் மாலையை அதற்கும் போடுவார். இங்கிருந்து எந்த மாத்திரை போனாலும் அது என் பேரில்தான் போகிறது.

வேன் டிரைவர் தங்கப்பாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சீட்டா? நேத்து அண்ணன் குடுத்த செட்டையே குடு தாயி. அம்புட்டு வலியும் பறந்துருச்சு. என்ன, மேலூருக்குத்தான் வண்டிய எடுத்தேன். கண்ணு முழிச்சா சோழவந்தான்ல வெத்தலைக் கொடிக்காலுக்குள்ள நிக்கிறேன்."

செட்டு என்பது துண்டுத் தாளில் மடித்த மூன்று மாத்திரை. முதலாளி பெயரைப் படிக்க மாட்டார், நிறம் பார்த்துப் போடுவார். வெள்ளை வலிக்கு, மஞ்சள் வீக்கத்துக்கு, ரோஸ் வயிற்றுக்கு. போன வாரம் வேறு கம்பெனி சரக்கு வந்திருந்தது. ரோஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"மொதலாளி, இது தூக்க மாத்திரை! மூளையோட வேகத்தையே கொறைக்கும். தண்ணி போட்டுட்டு இதையும் போட்டா மூச்சு நின்னுரும்."

தங்கப்பாண்டி விரலால் அளவு காட்டினார். "குவாட்டர்தான் தாயி."

"வலியும் பறக்கலண்ணே. மூளைக்குப் போற சேதியத்தான் மாத்திரை அமுக்குது, இடுப்பு அப்படியேதான் இருக்கு. தெனம் தின்னா வயித்துல புண்ணு வரும், கிட்னி கெடும்."

"நீ பேசுற பேச்சுக்குத் தூக்க மாத்திரையே வேணாம்," என்றார் முதலாளி. "இம்புட்டு வருசமா செட்டு போடுறேன். செத்துட்டேன்னு ஒருத்தனாச்சும் வந்து சொல்லிருக்கானா?"

"செத்தவன் எப்படி வந்து சொல்லுவான்?"

"இந்தா, நானே தின்னு காட்டுறேன்!" நான் பிடுங்குவதற்குள் ஒரு செட்டைச் சோடாவோடு விழுங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் என் படிப்பைத் திட்டினார். "படிச்ச புள்ளையாச்சேன்னு தலையில தூக்கி வச்சா..." என்றவர் தன் தலையைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். குறட்டை வந்தது.

தங்கப்பாண்டியும் நானுமாக அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். மூச்சும் நாடியும் சீராக இருந்தன. மாடியிலிருந்து அவர் மனைவி ஜெயக்கொடியைக் கூப்பிட்டேன்.

"தூக்க மாத்திரை தின்னுட்டாருக்கா. பக்கத்துலயே இருங்க. எழுப்பி முழிக்கலைன்னா, மூச்சு கொறஞ்சா, ஒடனே 108க்கு அடிங்க."

"மாத்திரை இல்லாமலே இப்படித்தான்டி கெடப்பாரு," என்று சொல்லிக்கொண்டே ஜெயக்கொடி கணவரின் தோளை உலுக்கினார்.

முதலாளி ஒரு கண்ணைத் திறந்தார். "அவனுக்குச் செட்டக் குடுத்து அனுப்பு," என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

நான் ஸ்டூலில் ஏறிச் சான்றிதழைக் கழற்றினேன்.

"பார்மசிஸ்ட் இல்லாம மருந்து விக்கக் கூடாதுக்கா, ஷட்டர எறக்கிக்கங்க. அண்ணே, வண்டியத் தொடாதீங்க. பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

மாலையோடு பிரேமை நெஞ்சில் அணைத்தபடி ரோட்டில் இறங்கினேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஒருவர் உச்சுக் கொட்டினார்.

"சின்ன வயசா தாயி?"

"இருபத்திமூணு," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.