அம்மா காயப்போட்ட சால்வை

நான்கு நாடுகள், ஒரே மைதானம், ஒரு கோப்பை. உலக வரைபடத்தில் நான்கையும் கட்டைவிரலால் மறைத்துவிடலாம். இறுதி ஆட்டத்தை உலகமே பார்க்கிறது என்று வானொலிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். மைதானத்தில் பாதி இருக்கை காலி.

எங்கள் கோல்கீப்பர் என் கணவர். மற்ற நாட்களில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எதிரணியில் பெனால்டி அடிப்பவன் என் தம்பி. கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறான். நான் பிறந்தது அந்த நாடு, வாழ்க்கைப்பட்டது இந்த நாடு. இரண்டு தேசிய கீதத்துக்கும் எழுந்து நின்று வாயசைத்தேன்.

"இந்தத் தடவையும் அவங்ககிட்ட தோத்தா, இனிமே புது ஆள்தான் கோல்ல நிப்பான்" என்று பயிற்சியாளர் கணவரிடம் சொல்லியிருந்தார். கணவர் தன் கையுறைகளைத் துவைக்கக்கூட என்னிடம் தரமாட்டார். அவற்றைக் கழற்றச் சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். எனக்கு அந்தக் கவலைதான், கோப்பை எங்கே போனால் என்ன?

அவரோ தெம்பாக இருந்தார். "பெனால்டி வந்தா நல்லதுதான். உன் தம்பி வலது பக்கந்தான் அடிப்பான். கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கறேனே."

உண்மைதான். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அம்மா வீட்டு முற்றத்தில் இருவரும் ஆடுவார்கள். இடது பக்கம் துணிக்கொடி. துவைத்த துணியில் பந்து பட்டால் அம்மா அதே துணியை முறுக்கித் தம்பியை வெளுத்துவிடுவாள். ஆக அவன் வலது பக்கம் அடிப்பவன் அல்ல, துணி இல்லாத பக்கம் அடிப்பவன். ஒருமுறை கொடியை வலது பக்கம் மாற்றிக் கட்டியபோது அவன் கால் தானாக இடது பக்கம் திரும்பியது. அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கணவரிடம் சொல்லத் தோன்றவில்லை. மைதானத்தில் யார் துணி காயப்போடப் போகிறார்கள்?

அம்மா காலையில்தான் எல்லை தாண்டி பஸ்ஸில் வந்திறங்கினாள். "எனக்கு மகனும் ஒண்ணுதான், மருமகனும் ஒண்ணுதான்" என்றபடி கோலுக்குப் பின்னால் என்னருகில் உட்கார்ந்தாள்.

இரு பக்கமும் கோல் விழாமலே ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. தம்பி பந்தை வைத்தான். கணவர் எங்களுக்கு முதுகு காட்டிக் கைகளை விரித்தார். அம்மா எழுந்தாள். சால்வையை உருவி, தம்பிக்கு வலது பக்கமாக வரும்படி கம்பித் தடுப்பில் விரித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"தண்ணி கொட்டிடுச்சுடி. காயட்டும்."

இழுக்கப் போனேன். கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. கணவரை எச்சரிக்க வாயைத் திறந்தேன். எதிரே தம்பியின் முகம் தெரிந்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

தம்பி நிமிர்ந்தான். துணியைப் பார்த்தான். மிச்சத்தை அவன் கால் பார்த்துக்கொண்டது. கணவர் தம்பிக்கு வலது பக்கமாக அழகாகத்தான் பாய்ந்தார். பந்துதான் அங்கே வரவில்லை.

சால்வையை எடுத்து மடித்தேன். "துளி ஈரம் இல்லையேம்மா?"

"வெயில் அப்படி அடிக்குது."

வானம் காலையிலிருந்தே மூடியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் கணவர் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். "எப்படி இடது பக்கம் அடிச்சான்?" என்று சுவரைக் கேட்டார்.

அம்மா பரிமாறினாள். "விளையாட்டுன்னா அப்படித்தான் மாப்பிள்ளை. மனசுல வெச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சால்வையை வாளியில் முக்கினேன். பிழிந்தும் பிழியாமலும் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே ஜன்னல் கம்பியின் வலது பக்கம் விரித்தேன். தண்ணீர் தரையில் சொட்டியது.

"இப்ப காயட்டும்மா" என்றேன்.

கணவர் சால்வையைப் பார்த்தார். காலியாக இருந்த இடது பக்கத்தைப் பார்த்தார். அம்மா வீட்டு முற்றம் அவர் கண்ணில் வந்துபோனது எனக்கே தெரிந்தது. பிறகு மெதுவாக அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படிக்குள் போனாள்.

அவர் கையுறைகளை என்னிடம் நீட்டினார்.

"இதையும் துவைச்சு, அது பக்கத்துலயே காயப்போடு."