பேசும் கம்ப்யூட்டரின் திறப்பு விழா

மேடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் மெர்சியைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நீளமான பட்டன் மேல் அவள் விரலை எடுத்து வைத்த தாளாளர் செங்கோடன், "நாஞ் சொன்னொடனே இதத் தட்டோணும் கண்ணு. பாடத்த அதே படிக்கும்" என்றார்.

"தமிழ்லீங்களா?"

தமிழில்தான் என்றார்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்கென்று பம்புசெட் கம்பெனிக்காரர் ஒருவர் வாங்கிக்கொடுத்தது அது. பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பெண்கள் கல்லூரியில் அப்படி இருந்த பிள்ளை மெர்சி ஒருத்திதான். பெட்டி வந்து ஒன்றரை மாதமாக ஏசி அறையில், உறை போட்டு, பூட்டியே கிடந்தது. திறப்பு விழா ஆகாமல் யாரும் தொடக்கூடாதாம். என்ன பத்தியமோ!

அது வந்ததில் மெர்சிக்கு இருந்ததும் போயிற்று. ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த பொற்கொடி, தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் வரலாற்றுப் பாடத்தை வாசித்துக் காட்டுவாள். பெட்டி வந்த அன்றோடு நிறுத்திக்கொண்டாள். "அதான் பேசற மிசினே வந்துருச்சல்ல, இனி நானெதுக்கு?" என்று சிரித்தாள். மெர்சியும் சிரித்து வைத்தாள். இரண்டு வருடம் கெஞ்சிய வாய்க்கு இன்னொரு தடவை கேட்கக் கூசியது. திங்கட்கிழமை பரீட்சை. கடைசி இரண்டு பாடங்கள் அவள் காதில் விழவே இல்லை. தவறினால் உதவித்தொகை நின்றுபோகும். கிணத்துக்கடவில் தோப்புக் கூலிக்குப் போகிற அப்பன் வந்து பெட்டி படுக்கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

கம்பெனிக்காரர் ரிப்பன் வெட்டினார். மெர்சி தட்டினாள்.

ஸ்பீக்கரில் குரல் வந்தது. ஏற்ற இறக்கமில்லாமல், சொல் சொல்லாக, நிலவரிப் பாடத்தைப் படித்தது. சபை வாயைப் பிளந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் மூக்கால் சர்ரென்று ஒரு மூச்சு. அந்த மூச்சை இரண்டு வருடமாக ஒரு முழத் தூரத்தில் கேட்டவள் மெர்சி. திரைக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது பொற்கொடிதான்.

பெட்டிக்கு இங்கிலீசு மட்டுந்தான் வரும் என்று கம்ப்யூட்டர் வாத்தியார் காலையில் யாரிடமோ முணுமுணுத்தது மெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றரை மாதமாகத் தனக்கு வாசிக்கப் பொற்கொடிக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை, இந்தக் கூத்துக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் வெட்கங்கெட்ட காது பாடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்தேதான் பொற்கொடி படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பக்கம் முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. "போதும் கண்ணு, எந்திரி" என்றார் செங்கோடன்.

மெர்சி மறுபடியும் தட்டினாள்.

ஸ்பீக்கரில் சத்தமில்லை. என்னங்க நின்னுபோச்சு என்று கம்பெனிக்காரர் கேட்பது காதில் விழுந்தது. செங்கோடன் தொண்டையைக் கனைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, சர்ரென்று ஒரு மூச்சு. அடுத்த பக்கம் தொடங்கியது.

அது முடிவதற்குள் பொற்கொடிக்குக் குரல் கம்மிவிட்டது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். மெர்சியின் தோளில் செங்கோடனின் விரல்கள் இறுகின. அவள் நகர்ந்து உட்கார்ந்து, நீளமான பட்டனை இன்னொரு தடவை தட்டினாள்.