மெழுகு போட்ட மரத்தரை

எங்கள் ஊரில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு என்றால் பாதித் தேர்வு பக்கத்து அறையில்தான். பட்டம் வாங்குகிறவள் அங்கே விருந்து மேசை போட்டு வைக்க வேண்டும். பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி, பிளம் சாராயம், கோஸ் இலையில் கறி சுருட்டி வேகவைத்த சர்மாலே. கேள்வி கேட்கும் பேராசிரியர்களின் மூக்கு அந்தக் கதவுப் பக்கமே திரும்பியிருக்கும். அன்று எனக்காகச் சர்மாலே செய்து பெரிய பானையோடு தூக்கிக்கொண்டு வந்தவள் ஸெனோவியா.

நகராட்சி வீடுகள் யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆய்வு. அரசு ஒருகாலத்தில் பறித்த பெரிய வீடுகளைப் பழைய சொந்தக்காரர்களின் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தபோது, அவற்றில் குடியிருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்படி ஒரு வீட்டின் ஒற்றை அறையில் மகள் மிரெலாவோடு இருந்தாள் ஸெனோவியா. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தாகிவிட்டது. நான் பேட்டிக்குப் போகும்போதெல்லாம் வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லி, காலுக்கடியில் இரண்டு கம்பளித் துண்டுகளைத் தள்ளிவிடுவாள். அவற்றின் மேல் நின்று வழுக்கிக்கொண்டே போய் நாற்காலியைப் பிடிக்க வேண்டும். அந்த மரத்தரையில் முகம் பார்க்கலாம். விட்டுப் போகப்போகிற வீடு என்று தெரிந்தும் சனிக்கிழமைதோறும் மண்டி போட்டு மெழுகு தேய்ப்பாள்.

நகராட்சி வீட்டுக்கு ஒரு மதிப்பெண் அட்டவணை உண்டு. படித்தவர்களுக்கு அதில் அள்ளிக் கொடுப்பார்கள். எட்டாவதோடு நின்றுபோன ஸெனோவியாவுக்குக் கிள்ளிக் கொடுப்பார்கள். வீடில்லாதவர்களுக்கென்று கட்டிய வீட்டை வசதியான வீட்டுப் பிள்ளைகள் தட்டிக்கொண்டு போவது இப்படித்தான். என் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்தக் கதைதான். அட்டவணையைப் போட்டவர் வேறு யாருமில்லை, என் வழிகாட்டியான பேராசிரியர் லுகாச்சு. வீடு ஒதுக்கும் குழுவிலும் அவர் இருந்தார்.

தேர்வு தொடங்கச் சற்று முன்னால் தாழ்வாரத்தில் என்னை ஓரங்கட்டினார்.

"ஸ்மராண்டா, நாலாவது அத்தியாயம் புஸ்தகத்துல இருந்துட்டுப் போகட்டும். அத யாரு படிக்கப் போறா? வாயால மட்டும் சொல்லாத. துணை மேயர் முன்வரிசையில உக்காந்திருக்கார்."

"சார், என் ஆய்வே அதுதானே?"

"செவ்வாய்க்கிழமை குழு கூடுது. விசேஷ கேஸுன்னு ஒரே ஒரு வீடு என் கையில இருக்கு. உன் சர்மாலே அம்மாவுக்கு அத எழுதிடலாம். நீ சமத்தா இருந்தா."

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இது என் வீடு இல்லை, முடிவெடுக்க நான் யார் என்றும் பட்டது. நேரே விருந்து அறைக்குப் போய் ஸெனோவியாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அப்ப வாய மூடிக்கோ."

"அக்கா, இது அநியாயம் இல்லையா? உங்கள மாதிரி எத்தன பேரு—"

"நியாயத்த நீயே வெச்சுக்கோ. எனக்குக் கூரை வேணும். குளிர்காலம் வருது. என் தலைமேல ஏறி நின்னுகிட்டு நீ வீரம் காட்டாத, டீச்சரம்மா."

அவள் சொன்னதில் என்ன தப்பு? நான்காம் அத்தியாயத்தை விழுங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அரங்கில் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஐந்துக்குத் தாவினேன். ஸெனோவியா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தாள், பக்கத்தில் மிரெலா. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த அட்டவணையில குறை ஏதாவது கண்டீங்களா?"

லுகாச்சு பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஆய்வேட்டுல எழுதியிருக்கேன், சார்."

தேர்வாளர் தலையாட்டி, மேலே கேட்காமல் விட்டுவிட்டார். ஸெனோவியா மூச்சு விட்டது எனக்கே கேட்டதுபோல் இருந்தது. வீடு அவளுக்குத்தான் என்று நினைத்தேன்.

வழக்கப்படி கடைசியில் வழிகாட்டி பேச எழுந்தார். நான் அடங்கிப்போனதில் அவருக்கு ஒரே குஷி.

"நம்ம அட்டவணை சரியானதுன்னு இந்த ஆய்வு காட்டுது. வீடு கிடைக்காம போனவங்க யாரு? பள்ளிக்கூடத்த மதிக்காதவங்க. அவங்களுக்கு மரத்தரை போட்ட வீட்டக் குடுத்துப் பாருங்க, பேத்தெடுத்து அடுப்புல போட்டு எரிப்பாங்க."

அரங்கம் சிரித்தது. எங்கள் ஊரில் இது கல்யாண வீட்டிலும் சொல்கிற பழைய ஜோக். துணை மேயர் தொடையில் தட்டிச் சிரித்தார். மிரெலா தன் அம்மாவைப் பார்த்தாள். ஸெனோவியா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சபையில யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் தேர்வை நடத்திய தலைவர். அது சும்மா சம்பிரதாயம். யாரும் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. அவர் ஏற்கெனவே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்.

ஸெனோவியா எழுந்தாள்.

"கேள்வி இல்ல. இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசணும். ஸ்மராண்டா, உன்ன வாய மூடச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கக்கா."

"அத வாபஸ் வாங்கிக்கறேன். பேசு."

"அக்கா, வீடு போயிடும்."

என் முன்னால் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. நான் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது. லுகாச்சுவின் முகம் வெளுத்துவிட்டது.

"போகட்டும். என் பொண்ணு முன்னாடி சிரிச்சாங்க. பேசுன்னா பேசு!"

பேசினேன். நான்காம் அத்தியாயத்தை முழுசாகச் சொன்னேன், தாழ்வாரத்தில் நடந்ததையும் சேர்த்து. துணை மேயர் பாதியிலேயே எழுந்து போனார். வெளியூர்த் தேர்வாளர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். தேர்வாளர்கள் எல்லோருடைய அறிக்கையும் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதால் பட்டத்தை மறுக்க அவர்களுக்கு வழியில்லை. என் முகத்தைப் பார்க்காமல் அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள்.

விருந்து அறைக்கு ஒருவரும் வரவில்லை. தொடைக்கறியை அப்படியே காகிதத்தில் சுற்றினாள் ஸெனோவியா.

"வீடுதான் போச்சு, கறியாவது மிஞ்சட்டும்" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அந்த வீடு வேறு யாருக்கோ போனது. மாதக் கடைசியில் பூட்டை மாற்ற ஆள் வந்தபோது, அவளையும் மிரெலாவையும் மூட்டை முடிச்சோடு என் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒரே அறைதான், ஆனால் அதற்கும் மரத்தரை உண்டு.

வாசலில் ஷூவைக் கழற்றி, பையிலிருந்து கம்பளித் துண்டுகளை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் தரையில் கட்டைகள் பெயர்ந்து ஆடின. காபிக் கறை கறுத்துக் கிடந்தது. ஜன்னலோரம் சில கட்டைகளே இல்லை, அந்த இடத்தைப் புத்தக அடுக்கால் மறைத்திருந்தேன்.

"டாக்டரம்மா, அட்டவணையில படிப்புக்கு உனக்கு எவ்வளவு மார்க்கு?"

"முழு மார்க்குக்கா."

அவள் மண்டி போட்டுப் புத்தகங்களை நகர்த்தி, பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இங்க இருந்த கட்டையெல்லாம் எங்கடி? எரிச்சிட்டியா?"

மிரெலாதான் முதலில் சிரித்தாள்.